அஞ்சலையை யாருக்காவது தெரியுமா

1

நான் பினாங்கில் பிள்ளைகளுக்கு ஆங்கில இலக்கணம் சொல்லித் தருகிறேன் என்றால், கோவில்பட்டியில் என்னோடு படித்தவர்கள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். கல்லூரியில் ஆங்கிலத்தில் இரண்டு வார்த்தை பேசு என்றால் தலைவலி என்று சொல்லிவிட்டு வெளியே போனவள்தான் நான். ஆனால் இலக்கணம் என்றால் எனக்கு அப்போதே உயிர். பேச்சு வராதவர்களுக்கு இலக்கணம்தான் மாடிப்படிக் கைப்பிடி. அதைப் பிடித்துக்கொண்டால் விழாமல் இறங்கிவிடலாம் என்று ஒரு நம்பிக்கை.

கல்யாணமாகி இங்கே வந்து இருபது வருடம் ஆகப்போகிறது. சுங்கை பினாங்கில் ஓர் அடுக்குமாடி, ஒன்பதாம் மாடியில் வீடு. என் வீட்டுக்காரர் இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவர். ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. மகள் தர்ஷினிக்குப் பதினாறு வயது. சாயங்காலமானால் அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் எங்கள் கூடத்தில் பாய் விரித்து உட்காருவார்கள். நான் கதவோரம் நாற்காலி போட்டு உட்காருவேன். இந்தக் கட்டடத்தில் என்னை எல்லோரும் டீச்சர் என்பார்கள். பிள்ளைகள், அவர்களுடைய அம்மாக்கள், கீழே ரொட்டி சானாய் போடுகிற அண்ணன், லிப்ட் ரிப்பேருக்கு வருகிறவர் வரை டீச்சர்தான்.

இந்த வாரம் வகுப்பு கிடையாது என்று சொல்லிவிட்டேன். உடம்புக்கு ஒன்றும் இல்லை. பெயர்ச்சொல் பாடம் பாதியில் நிற்கிறது. அதைத் தொடர எனக்கு மனம் வரவில்லை. ஏன் என்று ஊரில் இருக்கும் உங்களுக்கு எழுதினால் எனக்கே கொஞ்சம் தெளியும் போலிருக்கிறது.

2

இங்கே பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் நம் ஊர் மாதிரி நடத்துவதில்லை. படத்தைக் காட்டுகிறார்கள், பேசச் சொல்கிறார்கள், பாட்டுப் பாட வைக்கிறார்கள். பிள்ளைகள் படபடவென்று பேசிவிடும். நான் இன்னமும் மனதுக்குள் ஒரு முறை எழுதிப் பார்த்துவிட்டுத்தான் பேசுகிறேன். ஆனால் எழுதச் சொன்னால் கதை வேறு. ஹோம்வொர்க் என்பதோடு ஒரு எஸ் சேர்த்து ஹோம்வொர்க்ஸ், பர்னிச்சரோடு ஒரு எஸ் சேர்த்து பர்னிச்சர்ஸ் என்று தாராளமாக எழுதும். எண்ண முடியாத பெயருக்குப் பன்மை கிடையாது என்று நான் தொண்டை வற்றக் கத்துவேன். நாலு நாற்காலியை எண்ண முடிகிறதே டீச்சர் என்று கேட்கும். நாற்காலியை எண்ணு, பர்னிச்சரை எண்ணாதே என்பேன். பாவம், முழிக்கும்.

கோவில்பட்டியில் எங்களுக்கு ஆங்கிலம் எடுத்தவர் பெயர்ச்சொல் ஐந்து வகை என்று ஆரம்பித்தால் மொத்த வகுப்பும் எழுந்து நின்று ஒப்பிக்க வேண்டும். பிராப்பர் நவுன், காமன் நவுன், கலெக்டிவ் நவுன், மெட்டீரியல் நவுன், அப்ஸ்ட்ராக்ட் நவுன். நானும் இங்கே அப்படித்தான் ஒப்பிக்க வைக்கிறேன். கீழே கார் நிறுத்துமிடம் வரை கேட்கும். சத்தம் கேட்டால்தான் பெற்றோருக்கும் ஒரு திருப்தி.

அந்தப் புதன்கிழமை பிராப்பர் நவுனும் காமன் நவுனும் நடத்தினேன். ஒன்றுக்கே உரிய பெயர் பிராப்பர், அந்த இனத்துக்கெல்லாம் பொதுவானது காமன். ஒன்றுக்கே உரிய பெயருக்குப் பெரிய எழுத்து வேண்டும், ஊர்ப் பெயருக்கு முன்னால் 'தி' போடக் கூடாது, ஆற்றின் பெயருக்கு முன்னால் போட வேண்டும். சுங்கை என்றால் மலாயில் ஆறு. பினாங் என்ற ஆற்றுக்கு 'தி' உண்டு, அந்த ஆற்றின் பெயரை வைத்துக்கொண்டிருக்கும் எங்கள் பேட்டைக்குக் கிடையாது. இதைச் சொன்னதும் ஒருவன் ஜன்னல் வழியாக ஆற்றை எட்டிப் பார்த்தான், அதற்கு ஏதோ பதவி உயர்வு கிடைத்துவிட்டது போல.

பிறகு ஒரு பயிற்சி கொடுத்தேன். இன்றைக்கு நீங்கள் பார்த்த ஐந்து பேரின் பெயரை எழுதுங்கள் என்றேன். எழுதிக் கொடுத்தார்கள். ஆன்ட்டி, அங்கிள், அண்ணே, அக்கா, டீச்சர். ஏறக்குறைய எல்லோரும் அப்படியே. எனக்குக் கோபம் வந்துவிட்டது. எல்லாவற்றையும் சிவப்பு மையால் அடித்தேன். இதெல்லாம் பொதுப் பெயர், நான் கேட்டது ஆளின் பெயர் என்றேன். கவினா என்று ஒரு வாயாடி உண்டு. எதிர்வீட்டு அக்காவுக்கு அக்காதான் பெயர், டீச்சர் என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சரி, முறைப் பெயரைப் பெயருக்குப் பதிலாக வைத்துக் கூப்பிட்டால் அதற்கும் பெரிய எழுத்து உண்டு, ஆகவே நம் அக்காவுக்குப் பெரிய ஏ போடுங்கள் என்று இலக்கணத்தையும் காட்டி, பாடத்தையும் முடித்தேன். ரொம்பக் கெட்டிக்காரத்தனமாக முடித்ததாக நினைப்பு.

அந்த அக்கா அப்போது நடைபாதையில் தன் வீட்டு வாசலில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நாங்கள் சிரித்ததைப் பார்த்து அவரும் சிரித்தார். மறுநாள் காலையில் தான் பிறந்த ரப்பர்த் தோட்டத்துக்குப் போவதாகவும், தம்பி பேத்திக்குக் காது குத்து என்றும், ஞாயிறு கழித்துத்தான் வருவேன் என்றும் சொன்னார்.

3

அக்கா எங்களுக்கு எதிர்வீடு. கதவைத் திறந்தால் கதவு. கணவர் போய்ப் பல வருடம் ஆகிறது, பிள்ளைகள் இல்லை. அக்கரையில் நிபோங் திபால் பக்கம் பைராம் தோட்டத்தில் பிறந்தவர். கல்யாணமாகித் தீவுக்கு வந்து, கீழே மேசை போட்டு இடியாப்பம் விற்றுப் பிழைத்தவர். முட்டி வலி வந்ததிலிருந்து விற்பதில்லை, ஆனால் யார் வீட்டில் விசேஷம் என்றாலும் இடியாப்பம் அவர் கைதான்.

நான் இங்கே வந்த புதிதில் எனக்குப் பாசார் காட்டியவர் அவர். பாசார் என்றால் சந்தை. மீன்காரச் சீனரிடம் மலாயில் பேரம் பேசுவது எப்படி, எந்தக் கடை ரவையில் புழு இருக்கும், மாமியாரிடம் எதற்குப் பதில் சொல்லக் கூடாது எல்லாம் அவர் சொல்லித்தான் தெரியும். தர்ஷினி பிறந்தபோது அம்மாவுக்கு விசா தாமதமாகி, விமானம் ஏறவே முடியாமல் போய்விட்டது. பிரசவ வார்டில் எனக்கு முதுகு பிடித்துவிட்டவர் அக்கா. நாற்பது நாள் பத்தியச் சோறு அவர் வீட்டு அடுப்பிலிருந்துதான் வந்தது. என் மகளுக்கு முதலில் வந்த வார்த்தை அம்மா இல்லை, அக்கா. எனக்கும் அக்கா, என் மகளுக்கும் அக்கா, அவள் கூட்டிவரும் பக்கத்து வீட்டு நாலு வயதுக் குழந்தைக்கும் அக்கா. இதில் யாருக்கும் ஒரு குழப்பமும் இருந்ததில்லை.

இந்த ஊரில் எனக்கு யார் இருக்கிறார்கள் என்று கேட்டால் நான் யோசிக்காமல் அவரைத்தான் சொல்வேன். போன வாரம் வரை அப்படித்தான் சொல்லியிருப்பேன்.

4

வெள்ளிக்கிழமை சாயங்காலம் எங்கள் கட்டடத்து வாட்ஸப் குழுவில் ஒரு செய்தி வந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து யாரோ கேட்டுவிட்டு, கை மாறிக் கை மாறி வந்தது. மலாயில் இருந்தது. அஞ்சலை ஏ/பி குப்பன், அறுபது வயதுக்கு மேல், சுங்கை பினாங் பக்கம் அடுக்குமாடி என்று சொல்கிறார், பக்கவாதம், வாரிசு அல்லது உறவினர் யாரையாவது தெரிந்தால் உடனே தொடர்புகொள்ளவும். ஏ/பி என்றால் இன்னாருடைய மகள். இங்கே பெண்ணுக்குக் கடைசி வரை அப்பா பெயர்தான், கல்யாணத்தால் மாறாது.

நான் பார்த்தேன். மாடியில் எல்லோரும் பார்த்தார்கள். வரிசையாகக் கும்பிடு பொம்மை போட்டார்கள். நானும் ஒரு கும்பிடு போட்டேன். எங்கள் பிளாக்கில் அப்படி யாரும் இல்லை என்று ஒருவர் எழுதினார், அதற்கு மேலும் இரண்டு பேர் ஆமாம் என்றார்கள். பெயரைச் சின்ன எழுத்தில் ஆரம்பித்திருந்தார்கள், அது என் கண்ணில் பட்டது. அது மட்டும்தான் பட்டது.

தர்ஷினி சோபாவில் படுத்தபடி, யார் மா அஞ்சலை என்றாள். தெரியவில்லை, பாவம் யாரோ தோட்டத்திலிருந்து வந்த அம்மா போல, பெற்ற பிள்ளைகள் எங்கே போய்த் தொலைந்தனவோ என்றேன். சொல்லிவிட்டுச் சாம்பாருக்குப் புளி கரைக்கப் போனேன்.

அதற்கு நடுவில் எதிர்வீட்டில் டெலிபோன் அடித்தது. பூட்டிய கதவுக்குப் பின்னால் அடித்து அடித்து ஓய்ந்தது. அக்கா போனை மறந்து வைத்துவிட்டுப் போய்விட்டார் என்று பேசிக்கொண்டோம். இது அவருக்கு வழக்கம்தான் என்று என் வீட்டுக்காரர் சிரித்தார். சனிக்கிழமையும் அடித்தது.

5

ஞாயிற்றுக்கிழமை காலையில் மோட்டார் ஹெல்மெட்டைக் கையில் பிடித்தபடி ஒருவர் மாடி ஏறி வந்தார். அறுபது இருக்கும். அக்கா வீட்டுக் கம்பிக் கதவை உலுக்கினார். நான் என் கதவைத் திறந்து, அக்கா ஊரில் இல்லை, தோட்டத்துக்குப் போயிருக்கிறார், நாளைக்கு வருவார் என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

"தோட்டத்துக்கு வரலியேம்மா. நான் தோட்டத்துலேருந்துதான் வர்றேன். நான் அதுக்குத் தம்பி. காது குத்துக்கு வரும்னு பாத்தோம், வரல. போன் அடிச்சாலும் எடுக்கல. கீழ கேட்டா அஞ்சலைன்னு இங்க யாருமே இல்லங்கிறானுங்க."

எனக்கு முதலில் ஒன்றும் ஓடவில்லை. பின்னால் தர்ஷினி வந்து நின்றது தெரிந்தது. அவள் தன் போனை என் முகத்துக்கு நேரே நீட்டினாள். வெள்ளிக்கிழமைச் செய்தி. அதற்குக் கீழே எங்கள் எல்லோருடைய கும்பிடும் அப்படியே இருந்தது. "மா, திஸ் இஸ் அக்கா" என்றாள்.

நடந்தது பிறகு தெரிந்தது. வியாழக்கிழமை காலையில் அக்கா படகு ஏறப் போயிருக்கிறார். ஜெட்டி என்கிற படகுத்துறையில் பஸ்ஸை விட்டு இறங்கும்போது ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு விழுந்துவிட்டார். யாரோ நல்லவர்கள் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டிருக்கிறார்கள். பையில் அடையாள அட்டை இருந்தது, ஆனால் அதில் பழைய தோட்டத்து லயத்து வரிசை வீட்டு முகவரி. அந்த லயத்தை இடித்தே பல காலம் ஆகிறது. மாற்ற வேண்டும், வரிசையில் நிற்க முட்டி விடவில்லை என்று அக்கா சொல்லிக்கொண்டே இருப்பார். நாங்கள் அவர் தோட்டத்தில் இருக்கிறார் என்று நினைத்தோம். தோட்டத்தில் அவர் எங்களோடு இருக்கிறார் என்று நினைத்தார்கள். நடுவில் அவர் ஆஸ்பத்திரியில் கிடந்தார்.

6

ஆஸ்பத்திரிக்குப் போகும் வாடகைக் காரில் தர்ஷினி என்னிடம் கேட்டாள், இத்தனை வருடத்தில் ஒருவர்கூடவா அவர் பெயரைக் கேட்கவில்லை என்று. எனக்குச் சுருக்கென்றது. மூத்தவர்களிடம் போய் உங்கள் பெயர் என்ன என்று கேட்பது மரியாதை இல்லை, உனக்கு அதெல்லாம் புரியாது, நீ உன் கூட்டாளி அம்மாவையே பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவள் என்று கடுகடுத்தேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"அப்போ தெரியாம இருக்கறதுதான் மரியாதையா மா?"

அவள் பேசும் தமிழில் பாதி இங்கிலீஷ், கால்வாசி மலாய். சண்டைக்கு மட்டும் நல்ல தமிழ் வந்துவிடுகிறது.  முன் சீட்டில் தம்பிக்காரர் ஹெல்மெட்டை மடியில் வைத்து அழுத்திக்கொண்டு ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கோவில்பட்டியிலும் நாங்கள் மூத்தவர்களைப் பெயர் சொன்னதில்லை. ஆனால் எல்லோருடைய பெயரும் எங்களுக்குத் தெரியும். எப்படி என்று காரில் உட்கார்ந்து யோசித்தேன். தெருவில் ஒவ்வொருவருக்கும் மூத்தவர் ஒருவர் இருப்பார். நான் சித்தி என்று கூப்பிடுகிறவரை அவருடைய மாமியார் வாசலில் நின்று பெயர் சொல்லித் திட்டுவார். அது காதில் விழும். பெயர் சொல்லும் உரிமை நமக்குள் மூத்தவர்களுக்குத்தான். மூத்தவர்கள் சொல்லிச் சொல்லித்தான் இளையவர்களுக்குத் தெரிகிறது. எங்கள் ஒன்பதாம் மாடியில் எல்லோருக்கும் மூத்தவர் அக்கா. அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட அங்கே ஆளே இல்லை. கணவர் இருந்த வரை அவரும் இந்தாம்மா என்றுதான் கூப்பிட்டிருப்பார்.

இதை யோசித்ததும் நான் என்னைப் பற்றி யோசித்தேன், யோசிக்காமல் இருந்திருக்கலாம். வீட்டுக்காரருக்கு நான் 'இங்க பாரு'. மகளுக்கு அம்மா. மற்ற எல்லோருக்கும் டீச்சர். குடிநுழைவு அலுவலகத்தில் எத்தனையோ வருடம் நாற்காலி தேய்த்துத்தான் எனக்கு நிரந்தரவாசிக்கான சிவப்பு அடையாள அட்டை கிடைத்தது. அங்கேயும் அப்பா பெயர் முன்னால் வந்துவிட்டதால் கந்தசாமி என்று கூப்பிடுவார்கள், நான் எழுந்து போவேன். அம்மா ஞாயிற்றுக்கிழமை தோறும் போன் பண்ணுவார். இரண்டு வருடம் முன்னால் அம்மா போனதோடு அதுவும் நின்றுவிட்டது. ஜெட்டியில் நான் விழுந்திருந்தால், என் பெயர் போட்டு ஒரு செய்தி வந்திருந்தால், எங்கள் மாடியில் எல்லோரும் ஆளுக்கொரு கும்பிடு போட்டுவிட்டுப் புளி கரைக்கப் போயிருப்பார்கள். நான் சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டேன். தர்ஷினி பார்த்துவிட்டு ஏசியைக் குறைக்கச் சொன்னாள்.

7

ஆஸ்பத்திரி லிப்டில் ஏறும்போது எனக்கு இருந்த கவலை ஒன்றே ஒன்று. அக்காவிடம் என்ன சொல்வது? செய்தி வந்தது, பார்த்தோம், வரவில்லை என்பது உண்மை. ஏன் வரவில்லை என்றால் இரண்டு காரணம்தான் இருக்க முடியும். நீங்கள் என்று தெரிந்தே வரவில்லை என்பது ஒன்று. நீங்கள் என்றே தெரியவில்லை என்பது மற்றொன்று. எது அவருக்குக் குறைவாக வலிக்கும் என்று எனக்குப் புரியவில்லை. மெசேஜ் வரவே இல்லை என்று பொய் சொல்லலாமா என்றுகூட நினைத்தேன். சொல்லியிருப்பேன். ஆனால் வாசலிலேயே நர்ஸ் அந்த வழியை அடைத்துவிட்டாள்.

சின்ன வயது மலாய்ப் பெண். அக்காவை மக்சிக் என்கிறாள், நம் ஊரில் அத்தை, சித்தி என்பது போல. மக்சிக் வந்ததிலிருந்து என் ஆட்கள் வருவார்கள், வருவார்கள் என்று சொல்லிக்கொண்டே இருந்தாராம். பார்வையாளர் நேரம் வந்தால் வாசலையே பார்ப்பாராம். கவலைப்படாதீர்கள், உங்கள் கட்டடத்துக்குச் செய்தி போய்விட்டது, எல்லோரும் பார்த்துவிட்டார்கள் என்று இவள் ஆறுதலுக்குச் சொல்லியிருக்கிறாள். நேற்று மத்தியானத்திலிருந்து மக்சிக் வாசலைப் பார்ப்பதில்லை என்றாள்.

அக்கா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். கொண்டையை அவிழ்த்துப் பின்னிவிட்டிருந்தார்கள், அதனால் யாரோ போலிருந்தார். ஒரு வயதே இளைய தம்பிக்காரர் போய் அஞ்சலை என்று கூப்பிட்டதும் உடனே திரும்பினார். நான் இத்தனை வருடத்தில் அவர் அவ்வளவு வேகமாகத் திரும்பிப் பார்த்ததில்லை. தம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதார். முகத்தின் இடது பக்கம் தொங்கியிருந்தது, அழுகைகூட ஒரு பக்கமாகத்தான் வந்தது. பிறகு என்னைப் பார்த்தார். பார்த்துவிட்டு மேலே மின்விசிறியைப் பார்த்தார்.

தம்பிக்காரர் டாக்டரைத் தேடிப் போனார். போகும் முன்னால், இனிமேல் இதை இங்கே தனியாக விட முடியாது, தோட்டத்துக்கே கூட்டிப் போய்விடுகிறேன் என்றார். நியாயம்தான். நான் தலையாட்டினேன். அந்த எதிர்க்கதவு இனிமேல் பூட்டியேதான் இருக்கும் என்பதை நினைக்காமல் தலையாட்ட முடியவில்லை. தர்ஷினி கட்டில் கால்மாட்டில் நின்று அக்கா காலைப் பிடித்துவிட ஆரம்பித்தாள்.

அக்காவுக்குப் பேச்சு வழுக்கி வழுக்கித்தான் வந்தது, உதடு ஒட்ட வேண்டிய எழுத்தெல்லாம் காற்றாகப் போயிற்று. நான் நேராக்கி எழுதுகிறேன்.

"குரூப்ல போட்டாங்களாம். எல்லாரும் பாத்தீங்களாம்."

"பாத்தோம் அக்கா."

மீதியையும் நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. பாடம் ஒப்பிக்கிற மாதிரி ஒரே மூச்சில் சொன்னேன்.

"அது நீங்கன்னு தெரியலக்கா. அஞ்சலைங்கிறது நீங்கதான்னு எனக்குத் தெரியாது."

பக்கத்துக் கட்டிலில் இருந்த அம்மாவும் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தார். அக்கா கண்ணை மூடிக்கொண்டார். கோபம் என்று நினைத்தேன். திட்டட்டும் என்று காத்திருந்தேன். இத்தனை வருடம் என் வீட்டுக்குச் சோறு போட்டவரின் பெயர் தெரியாதவளுக்கு எந்தத் திட்டும் தகும். எனக்கு அழுகை வந்தது, அடக்கவில்லை.

கண்ணைத் திறக்காமலேதான் பேசினார்.

"இந்தப் பொண்ணு கேட்டுச்சு, யாரைக் கூப்புடணும், யாரு இருக்காங்கன்னு. தம்பி நம்பரு வீட்டுல விட்டுட்டு வந்த போன்ல இருக்கு. நான் டீச்சர்னேன். எந்த டீச்சர், பேரு என்னான்னு கேட்டுச்சு. ஒம்பதாம் மாடி டீச்சர்னேன். பாவம்லா, பக்கத்துத் தமிழ்ப் பள்ளிக்கெல்லாம் போன் போட்டுக் கேட்டுருக்கு." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டார். "பேரு சொல்லுங்க மக்சிக், பேரு சொல்லுங்கன்னு எத்தனை தடவை கேட்டுச்சு. வாய் கோணிப்போனதுனால சொல்ல வரலன்னு நெனச்சிக்கிச்சு. நானும் அப்படியே விட்டுட்டேன். எனக்குத் தெரிஞ்சாத்தானே சொல்ல."

நான் அவர் கையைப் பிடித்தேன். அது உணர்வில்லாத கை என்று பிறகுதான் தெரிந்தது. சுற்றி வந்து மறு கையைப் பிடித்தேன்.

"ஒன் கையால எத்தனை நாளு டீ குடிச்சிருக்கேன். அந்தப் பொண்ணு முன்னாடி எனக்கு வெக்கமாப் போச்சு டீச்சர். அதான் செவுத்தப் பாத்துப் படுத்துக்கிட்டேன்." கண்ணைத் திறந்தார். "உம் பேரு என்னா?"

சொன்னேன். சொன்னேன் என்பதைவிட எழுத்துக் கூட்டினேன் என்பதுதான் சரி. இந்த நாட்டில் யார் பெயர் கேட்டாலும் எனக்கு வாய் தானாக ஆங்கில எழுத்து எழுத்தாகத்தான் ஓடும். எஸ், ஹெச், இ, என் என்று பாதி வருவதற்குள் அக்கா நல்ல கையை ஆட்டி நிறுத்தினார்.

"அது கவுண்டருக்குச் சொல்றது. ஒங்கம்மா எப்படிக் கூப்புடும்?"

செண்பகவல்லி என்று முழுதாக அம்மா ஒருநாளும் கூப்பிட்டதில்லை. அம்மா கூப்பிட்ட பெயரை நான் என் வாயால் சொன்னதே இல்லை. தன்னைத் தானே யார் கூப்பிட்டுக்கொள்வார்கள். தர்ஷினி காலைப் பிடித்துவிடுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள், அவளுக்கும் தெரியாது.

"செம்பா" என்றேன்.

அக்கா சொல்லிப் பார்த்தார். காற்றுதான் வந்தது. இன்னொரு முறை பார்த்தார், எச்சில் வழிந்தது. தர்ஷினி துடைத்துவிட்டாள். பரவாயில்லை அக்கா, டீச்சர் என்றே கூப்பிடுங்கள், உடம்பு தேறட்டும் என்றேன். அவர் கேட்கவில்லை. நல்ல கையை என் பிடியிலிருந்து உருவிக்கொண்டார். விரலால் தொங்கிய உதட்டைத் தூக்கி, மறு உதட்டோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். பிடித்த பிடியிலேயே என்னைப் பார்த்து, அடுத்த அறையில் இருப்பவளைக் கூப்பிடுகிற குரலில் கூப்பிட்டார்.

"செம்பா."

"என்னக்கா" என்றேன்.